நார்வே விமானங்கள் எங்கள் அடுப்படியில் விழுந்த கதை

விமானத்தில் கால் வைக்காமலேயே ஒரு விமானக் கம்பெனியின் எல்லா விபத்துகளிலும் அடிபட்டவன் மலாக்காவில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் எந்த ஊர்க் கம்பெனி? நார்வே. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரைபடத்தில் மேலே கை காட்டுவேன். அதற்கு மேல் என்னைக் கேட்கக் கூடாது.

நாடு சுதந்திரம் அடைந்ததற்கு அடுத்த வருடம் அது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலி செய்த நாற்காலிகளில் உட்கார உள்ளூர்க்காரர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆற்றோரத்தில் இருந்த ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்சியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்கும் ஒரு நாற்காலி கண்ணில் பட்டிருந்தது. சுழல் நாற்காலி. துரை மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் அதில் உட்கார்ந்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அளவெடுத்துச் செய்தது போலவே இருந்தது. ஆனால் அதில் முறையாக உட்கார வேண்டுமென்றால், லண்டனிலிருந்து தபாலில் வரும் இன்சூரன்ஸ் பாடங்களை எல்லாம் முடித்தாக வேண்டும்.

தீ இன்சூரன்ஸ், கப்பல் இன்சூரன்ஸ் இரண்டையும் தட்டுத் தடுமாறித் தாண்டினேன். அடுத்தது விமானம். பழுப்பு உறைக்குள் ஒரு கட்டுத் தாள் வந்தது. போருக்கு முன்பு நார்வேயில் ஓடிய ஒரு சின்ன விமானக் கம்பெனியின் விபத்து வரலாறு. கம்பெனியின் பெயரைக்கூடப் போடவில்லை. முதல் விபத்திலிருந்து கடைசி விபத்து வரை வரிசையாக, என்ன வானிலை, விமானி என்ன செய்தார், விமானம் என்ன ஆனது, அதற்குப் பிறகு கம்பெனி என்ன செய்தது என்று எழுதியிருந்தார்கள். கடைசித் தாளில் ஒரே ஒரு கேள்வி: இந்த வரலாற்றிலிருந்து நீங்கள் தெரிந்துகொள்வது என்ன?

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் உண்மையில் படிக்கிறார்களா, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார்களா என்று கண்டுபிடிக்க அவருக்கு இருந்த ஒரே கருவி காது. ஆகவே வீட்டில் சட்டம் போட்டிருந்தார். முதலில் இங்கிலீஷில் ஒரு வரி, பிறகு அதற்குத் தமிழில் அர்த்தம், இரண்டுமே அடுப்படி வரைக்கும் கேட்க வேண்டும். அப்பா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் இருபத்தேழு வயதுக் கிராணியான எனக்கு வாயை மூடிக்கொண்டு படித்தால் ஒரு வரிகூட உள்ளே இறங்காது. வாயைத் திறந்து படித்தாலும் அதிகம் இறங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

அடுப்படியில் அக்கா இருந்தாள். காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து நானும் அவளும் இருந்தோம். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மிஸி, அதாவது நர்ஸ். ஊசி, ரத்தம், தையல் எதற்கும் கண் சிமிட்டாதவள். வேலை முடிந்து வந்து ஒரு பக்கம் சோறு வடித்துக்கொண்டே மறு பக்கம் தன் வெள்ளைத் தொப்பிக்குக் கஞ்சி போடுவாள். அவள் காதில்தான் தினமும் மாலையில் நான் நார்வே விமானங்களை ஒவ்வொன்றாக விழ வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்டுக் கரை முழுக்கக் கடல் உள்ளே புகுந்து கிடக்குமாம். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. அதனால் அந்தக் கம்பெனியின் விமானங்களுக்குச் சக்கரம் கிடையாது. காலில் பெரிய பூட்ஸ் மாட்டியது போல இரண்டு மிதவைகள். கடலிலேயே இறங்கும், கடலிலிருந்தே கிளம்பும். மலை என்று படித்தபோதெல்லாம் நான் புக்கிட் சினாவை நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த மலை அவ்வளவுதான். கடல் என்று வந்தால் உஜோங் பாசிர். ஆக, என் மனத்துக்குள் அந்த விமானங்கள் எல்லாம் உஜோங் பாசிர்ச் சேற்றில் கிளம்பி புக்கிட் சினாவில் மோதிக்கொண்டிருந்தன.

ஒரு விபத்து எனக்கு விளங்கவே இல்லை. நல்ல வெயில், காற்றே இல்லை, கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. அப்படிப்பட்ட நாளில் விமானம் நேராகத் தண்ணீருக்குள் போய்விட்டது. அதெப்படி என்று செய்து பார்க்க அடுப்படிக்குப் போனேன். அக்காவின் கஞ்சித் தண்ணீர் சட்டியில் அசையாமல் இருந்தது. பக்கத்தில் உலர்ந்த தொப்பி இருந்தது. மிதவை விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் உலகத்தில் இல்லை. வாயால் இன்ஜின் சத்தம் போட்டுக்கொண்டு, சட்டியின் மேல் தொப்பியைத் தாழ்வாக ஓட்டினேன்.

“இப்ப பைலட்டுக்குத் தண்ணி எங்க இருக்குன்னே தெரியாதுக்கா. பத்தடி மேல இருக்கோம்னு நெனைச்சிக்கிட்டு இருப்பாரு. ஆனா ஏற்கெனவே...”

தொப்பி கஞ்சியில் முங்கியது. நான் கைதட்டினேன்.

அக்கா தட்டவில்லை. “உள்ள எத்தனை பேருடா?” என்றாள்.

“எதுக்குள்ள?”

“அந்த ஏரோப்ளேனுக்குள்ள. விமானம் ஒடஞ்சுது, மிதவை கழண்டுதுன்னு படிக்கிறியே, ஆளுங்க என்னானாங்கன்னு படிக்கவே மாட்டேங்கிறியே?”

தாளைப் புரட்டிப் பார்த்தேன். இருந்தது. தமிழில் அர்த்தம் சொல்லும்போது நான்தான் அந்த வரியைத் தாவியிருக்கிறேன். அன்றைக்குச் சொன்னேன். விமானியும் தபாலோடு போன ஒருவரும் பிழைத்தார்கள், பின்னால் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. அக்கா தொப்பியை எடுத்துப் பிழிந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விபத்துக்கும் அந்த வரியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. டிசம்பர் மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. கிழக்குக் கரையில் இருந்த கோத்தா பாரு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிஸ்டர் ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு அக்காவைப் போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் இதற்கு முன் எந்த உள்ளூர்ப் பெண்ணையும் அவர்கள் உட்கார வைத்ததில்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் வேலையில் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு இடம் போகும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது.

அக்கா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள், எங்கள் வீட்டு வழக்கப்படி சத்தமாக. ரயிலில் போவதாக ஏற்பாடு. பெட்டி கட்டி, நாலு தொப்பிக்குக் கஞ்சி போட்டு அடுக்கினாள். அந்த வாரம் கிழக்குக் கரையில் மழை வெளுத்து வாங்கியது. ரயில் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது, ரோடும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி ஆபீஸில் அவளைக் கூப்பிட்டு ஒரு விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் விமானத் திடலான பத்து பெரண்டாமிலிருந்து கோலாலம்பூர், அங்கே மாறி மதியம் கோத்தா பாரு. அதை விட்டால் வேறு விமானம் இல்லை.

வீட்டுக்கு வந்து டிக்கெட்டை மேசையில் வைத்தாள். “நான் போகல.”

“ஏன்க்கா?”

“ஏன்னு நீ கேக்குறியா? நீயா? மூணு மாசமா எங்காதுல எத்தனை ஏரோப்ளேனக் கவுத்திருப்பே!”

“அக்கா, அது நார்வே லா. அங்க பனி. இங்க பனிக்கு எங்க போறது?”

“அங்க பனி, இங்க மழை. மேகம் மேகந்தான்.”

“அது தண்ணியில எறங்குற ஏரோப்ளேன். இது சக்கரம் வெச்சது.”

“சக்கரம் வெச்சதப் பாத்தா மலை ஒதுங்கிப் போயிருமா?”

இன்சூரன்ஸ் ஏஜென்சியில் நான் வாயாடி என்று பெயரெடுத்தவன். மரணத்தைப் பற்றியே பேசாமல் ஆயுள் பாலிசியை விற்கக்கூடியவன். சொந்த அக்காவிடம் என் பருப்பு வேகவில்லை. அவள் அந்த வேலைக்காக எத்தனை வருடம் உழைத்தாள் என்பதைப் பார்த்தவன் நான். அதைக் கெடுக்கப்போவது என் வாய் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. இரண்டாவது தட்டுச் சோற்றைச் சொல்கிறேன்.

பயத்தைக் காதால் ஏற்றியிருக்கிறேன், காதாலேயே இறக்கிவிடலாம் என்று புதன்கிழமை ஒரு திட்டம் போட்டேன். மாலையில் வழக்கம்போல் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தேன்.

“அடர்ந்த மூடுபனி. விமானி தாழ்வாகப் பறந்தார். எதிரே மலை தெரிந்தது. விமானி அழகாக ஒதுங்கிப் போனார். எல்லாரும் பத்திரமாக இறங்கி மீன் சாப்பிட்டார்கள்.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“நிறுத்துடா. அந்த ஏரோப்ளேன் போன மாசமே மலையில மோதிருச்சு. செத்தவங்கள எழுப்பி ஒக்கார வெச்சு மீன் போடுறியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரலாற்றில் எனக்கு நாலு வரி நினைவில் இருந்தால் பெரிது. அக்காவுக்கு மாதவாரியாக மனப்பாடம். லண்டன்காரர்கள் பரீட்சையை அவளுக்கு வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் அவமானத்தின் மேல் அவமானமாக, நான் முன்பே எழுதி அனுப்பியிருந்த விடை திரும்பி வந்தது. ‘விமானப் பயணம் மிகவும் ஆபத்தானது என்று தெரிந்துகொள்கிறேன்’ என்று இரண்டு பக்கத்துக்கு நீட்டி முழக்கியிருந்தேன். கீழே சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘எழுதியவரின் பயம் தெரிகிறது. கம்பெனியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மறுபடி எழுதவும்.’ அதைக் கட்டோடு கட்டாகச் செருகி அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஓய்வு நாள். நான் வேலையிலிருந்து வந்தபோது மேசை முழுக்க நார்வே பரவிக் கிடந்தது. நடுவில் என் சிவப்பு மை. அக்கா ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் கீழே தொங்கவிடும் கட்டம் போட்ட தாள் ஒன்றில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா அது?”

“காய்ச்சல் சார்ட்டு.”

“யாருக்கு?”

“ஒன் நார்வேக்காரனுக்கு. இங்க வா. மூடுன வாயோட வா.”

போய் நின்றேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விபத்து. தாளின் இடது பக்கம் புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வலது பக்கம் போகப் போக விலகி விலகிப் போயின.

“ஒரு நாள் காய்ச்சல மட்டும் பாத்தா எல்லாரும் சாகப்போற மாதிரிதான் இருக்கும். நீ அப்படித்தான் படிச்சிருக்க. நானும் அப்படித்தான் கேட்டிருக்கேன். இந்த எடத்துல காய்ச்சல் எறங்குது பாரு. அப்படின்னா என்ன கேக்கணும்?”

“என்ன கேக்கணும்?”

“என்ன மருந்து குடுத்தாங்கன்னு கேக்கணும்டா, கிராணி.”

அவள் விரல் வைத்த இடத்தில் படித்தேன். எத்தனையோ முறை நானே கத்திப் படித்த வரிதான். மலையில் மோதிய அந்த விபத்துக்குப் பிறகு கம்பெனி விமானிகளுக்கு ஓர் உத்தரவு போட்டிருந்தது. குறித்து வைத்த மலைமுனை கண்ணுக்குத் தெரியாவிட்டால் கிளம்பக் கூடாது. பாதி வழியில் மறைந்தால் திரும்பிவிட வேண்டும். காத்திருந்த விமானியையோ திரும்பி வந்த விமானியையோ யாரும் குறை சொல்லக் கூடாது.

“அந்தக் கண்ணாடிக் கடல விட்டுட்டா மத்த எல்லாத்துலயும் ஒருத்தரு அவசரப்பட்டிருக்காரு. தபாலு நேரத்துக்குப் போவணும், பயணிங்க திட்டுவாங்க, பொழுது போயிரும்... அந்த அவசரத்த நிறுத்துனாங்க, காய்ச்சல் எறங்கிருச்சு,” என்றாள் அக்கா.

“அப்ப நீ போற?”

“ஏர்போட்டு வரைக்கும் வர்றேன். பைலட்டப் பாத்துட்டு மிச்சத்தச் சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை டாக்சி வந்து நின்றபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்தார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்கள் வாழும் செட்டி கம்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் பீபிக் என்று கூப்பிடுவோம். கோயில், திருநீறு, பொங்கல் எல்லாம் எங்களைப் போலத்தான். ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். “தாக்குட் அப்பா?” என்று அக்காவின் கன்னத்தைத் தட்டினார். என்ன பயம் என்று அர்த்தம். பிறகு என் கையில் மூன்று எலுமிச்சம்பழத்தைத் திணித்து, விமானத்தின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒன்று வைத்துவிட வேண்டும் என்று மலாயில் கட்டளையிட்டார். புது பஸ், புது லாரி என்றால் சரி. விமானத்துக்கு வைக்க விடுவார்களா? பீபிக்கிடம் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பத்து பெரண்டாமில் மழை கொட்டியது. திடலின் ஓரத்தில் அந்தச் சின்ன விமானம் நனைந்துகொண்டு நின்றது. சாமான் ஏற்றும் ஒருவர் தமிழர் போலத் தெரிந்தார். பழங்களைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இத அந்தச் சக்கரத்துக்கு அடியில...”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “காலையிலேருந்து நீங்க மூணாவது ஆளு தம்பி. கீழ எடமில்ல. வேணும்னா நான் டீயில புழிஞ்சிக்கிறேன், குடுங்க.”

கொடுத்துவிட்டேன். பீபிக்குக்கு இன்று வரை தெரியாது.

புறப்படும் நேரம் வந்தது, போனது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பயணிகள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தோட்டத்து மேனேஜர் துரை ஒருவர் இங்கிலீஷில் முணுமுணுத்தார். ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, தன் ஹொக்கியன் மொழியில் சத்தமாகவே கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் போனால் கோலாலம்பூரில் கோத்தா பாரு விமானம் கிளம்பிவிடும். அதோடு திங்கட்கிழமை காலை எட்டு மணி போச்சு, வார்டு போச்சு, அக்காவின் நாற்காலி போச்சு.

விமானி ஒரு வெள்ளைக்காரர். பயணிகள் கொட்டகைக் கூரையின் விளிம்பில், முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விறுவிறுவென்று அவரிடம் போனேன். மூன்று மாதம் விமானப் பாடம் படித்தவன் அல்லவா, எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் இறக்கினேன். என் அக்கா வார்டுக்குப் பொறுப்பேற்கப் போகிறார், இந்த மழை ஒரு மழையே இல்லை, இதைவிடப் பெரிய மழையில் நான் சைக்கிளில் போயிருக்கிறேன், எத்தனை நேரம்தான் இப்படி நிற்பீர்கள் என்று பொரிந்து தள்ளினேன். மற்றவர்களும் என் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. ஓடுபாதையின் முடிவைக் காட்டினார். அங்கே மழையைத் தவிர ஒன்றும் இல்லை.

“அந்தப் பக்கம் ஒரு குன்று இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தால் கிளம்புவேன். தெரியாவிட்டால் நாளைக்குக் கிளம்புவேன்,” என்று இங்கிலீஷில் சொன்னார்.

நான் மறுபடி வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து சட்டையை யாரோ இழுத்தார்கள். அக்கா.

“ஏசாதடா.”

“அக்கா, லேட்டானா வேலை போயிரும்க்கா!”

“போனா போவட்டும். காத்திருக்கிற பைலட்ட ஏசக் கூடாதுன்னு நீதான படிச்சே? இன்னொரு தடவ அந்த மனுஷன அவசரப்படுத்துனே, ஒனக்குத்தான் ஊசி போடுவேன்.”

பெட்டியைக் கையில் எடுத்தாள். பெஞ்சியில் கடைசியில் உட்கார்ந்திருந்தவள், எழுந்து போய் விமானத்துக்குப் போகும் வாசலில் முதல் ஆளாக நின்றாள். “இவரோட போலாம்,” என்றாள். வரிசையே இல்லாத இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் வரிசையாக நின்றாள். தோட்டத்துத் துரை அவளைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு அவள் பின்னால் போய் நின்றார்.

அதற்கு மேலும் முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் ஒரு பச்சைக் கறை தெரிந்தது, பிறகு அது குன்றானது. விமானி தொப்பியை மாட்டிக்கொண்டார். அக்கா படியேறும்போது திரும்பிக் கை காட்டினாள். விமானம் மேலே போகும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்து, திறந்த வாய்க்குள் நிறைய மழை குடித்தேன்.

கோலாலம்பூரிலும் அதே மழைதானே? கோத்தா பாரு விமானமும் அங்கே காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இது எனக்குத் திங்கட்கிழமை மதியம் வந்த தந்தியில் தெரிந்தது. ‘அங்கேயும் காத்திருந்தார்கள். ஏழரை மணிக்கே வார்டில் இருந்தேன். சத்தமாகப் படி.’

சத்தமாகப் படித்தேன். அவள் போட்ட சார்ட்டைப் பார்த்து அப்படியே வரைந்து, அவள் சொன்னதை என் இங்கிலீஷில் எழுதி, லண்டனுக்கு அனுப்பினேன். இந்த முறை சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று வந்தது. ‘உங்களுடைய சொந்தச் சிந்தனை தெரிகிறது’ என்றும் எழுதியிருந்தார். அதை நான் யாரிடமும் மறுக்கவில்லை. சுழல் நாற்காலியும் கிடைத்தது. முறையாக உட்கார்ந்ததும் கிறீச்சிட்டது. திருட்டுத்தனமாக உட்கார்ந்த காலத்தில் அது கிறீச்சிட்டதே இல்லை.

வெள்ளம் வடிந்து ரயில் பாதையைச் சரிசெய்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். ஆபீஸில் எனக்கு விமான இன்சூரன்ஸ் நிபுணர் என்று பெயர் வந்துவிட்ட சமயம். கோத்தா பாருக்கு ஒன்றரை நாள், மரப் பெஞ்சியில், ரயிலில்தான் போனேன். அதுவும் நாலு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷனில் அக்கா விறைப்பான வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக, வார்டிலிருந்து நேரே வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பசியாறிட்டியா? ஏன்டா, ஏரோப்ளேன்ல வந்தா ரெண்டு மணி நேரத்துல வந்திருக்கலாமே?”

“வந்திருக்கலாம்க்கா. ஆனா பைலட்டப் பாத்து, போலாமா வேணாமான்னு சொல்ல நீ கூட இருக்கணும் இல்ல?”